ஜனிபெக்கின் எண்

நரீனில் அன்று மைனஸ் பதினாறு.
மூன்று கடை ஏறி இறங்கி
கேமரா எத்தனை, கண்ணாடி எந்த ரகம் என்றெல்லாம்
விசாரித்து வாங்கிய என் போன்
அறுபது சதவீதத்திலிருந்து
நேராகச் செத்துப் போனது.

கப்பல் கன்டெய்னர்களை அடுக்கிச் செய்த சந்தையில்
குல்சாத், விரல்நுனி வெட்டிய கையுறையோடு,
பொத்தான் போன்களைப் பரப்பி வைத்திருந்தாள்.
எது நல்லது என்று கைச்சாடையில் கேட்டேன்.
ஒன்றை எடுத்துத் தரையில் போட்டாள்.
பொறுக்கி, ஊதி, மறுபடியும் போட்டாள்.
அதையே வாங்கினேன். ஆயிரத்து இருநூறு சோம்.

அதில் சிம்முக்கு இரண்டு இடம்.
இறந்த போனின் சிம்மை எடுக்க ஊசி இல்லை.
காதிலிருந்த கம்மலைக் கழற்றி
கொக்கியால் ஒரு குத்து.
நகத்துண்டு போல வெளியே வந்தது என் எண்.
முதல் இடத்தில் அதைப் போட்டாள்: சேவை இல்லை.
ரோமிங்குக்குக் கேட்ட தொகையில்
இங்கே முழு ஆட்டுத்தொடை கிடைக்கும், எலும்போடு.
இரண்டாவது இடத்தில் உள்ளூர் எண்.
ஒரே வீடு, இரண்டு குடித்தனம்.
ஒருவர் தூங்குகிறார்.

அன்று மாலையே மணி அடித்தது.
"அல்லோ. ஜனிபெக்?"
இல்லை என்பதற்கு அந்த மொழியில் ஜோக்.
ஜோக், என்றேன்.
சொன்ன எனக்குச் சிரிப்பு வந்தது.
அவருக்கு வரவில்லை.

மறுநாளும், அதற்கு மறுநாளும்,
நான் சூப்பில் கரண்டியை வைக்கும் நேரம் பார்த்து.
சோப், சோப் என்று என்னவோ கேட்டார்.
சோப்பு வியாபாரி என்று எடுத்துக்கொண்டேன்.
விடுதிக் குளியலறையில் தீர்ந்துபோயிருந்தது வேறு.
இது கைமாறிய எண், ஐயா,
யாரோ விட்டுப்போனதை எனக்கு விற்றிருக்கிறார்கள் என்று
சொல்லத்தான் நினைத்தேன்.
என்னிடம் இருந்தது ஒரே சொல்.

ஐந்தாம் நாள் பிஷ்கெக் போகும் வேன்
தொலோன் கணவாயில் பனியில் நின்றுவிட்டது.
டிரைவர் இறங்கிச் சக்கரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.
அப்போது அடித்தது.
ஜோக், ஜோக் என்று நான் திணறுவதைப் பார்த்து
மடியில் பாலேட்டு வாளி வைத்திருந்த அய்சுலு
போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

முதலில் அதட்டல்.
பிறகு எந்த ஊர் என்ற விசாரணை, யார் வீட்டுப் பிள்ளை,
பிறகு அவள் உடம்பு குலுங்கிய குலுங்கலில்
வாளியின் மூடி ஆடியது.
நாற்பது நிமிடம். வந்த அழைப்புதான், காசு அவருடையது.
பேட்டரியில் ஒரு கோடுகூடக் குறையவில்லை.

பின் இருக்கை மாணவன் தீலெக்
தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினான்:
அவர் பெயர் எசென்பெக்.
சோப் என்றால் உலர்ந்த புல், மாட்டுக்கு, பனிக்காலத்துக்கு.
போன வருடம் இரண்டு லாரி. பணம் வரவில்லை.
"ஜனிபெக் எங்கே?"
தீலெக் தோளைக் குலுக்கினான்.
"மாஸ்கோவாக இருக்கும். என் அண்ணனும் அங்கேதான்.
போனதும் முதலில் எண்ணை மாற்றுவார்கள்."

எங்கோ ஒரு சுரங்கப்பாதைக் கடையில்
மலிவானதைத் தேடி நிற்கும் ஒருவனை
ஒரு நொடி பார்த்தேன்.
வேன் உறுமி நகர்ந்தது. அய்சுலு
என் உள்ளங்கையில் ஒரு விரல் பாலேடு வைத்தாள்.

மறுநாள் மாலை, சரியாகச் சூப்பு நேரம்.
"அல்லோ. ஜனிபெக் ஜோக்?"
அவரே சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.
ஜோக், என்றேன்.
பிறகு அவர் நீளமாக ஏதோ சொன்னார்.
பனி, மாடு, எனக்கு விளங்காத இன்னொன்று.
உம் கொட்டினேன்.
உம் அங்கேயும் உம்தான்.

விமானம் இறங்கி, கதவு திறக்குமுன்
முதல் குடித்தனக்காரர் விழித்துக்கொண்டார்.
விடுதியில் கார்டைத் தேய்த்துத் தோற்ற
ஒவ்வொரு தடவைக்கும் ஒன்றாக,
பதினேழு ஓடிபி. எல்லாம் காலாவதி.
கீழ் வரியில் இரண்டாவது எண்,
சேவை தேடுகிறது, தேடுகிறது.
மணி ஏழு ஆகவில்லை இன்னும்.