காற்றுச் சுமை

பேஹெட் சாலையில் பதினோராவது மணி நேரம்.
நாற்பது டன் இழுக்கும் எஞ்சின்
ஓரடி நகர ஒருமுறை உறுமுகிறது.
பெக்கி அனுப்பிய படத்தில்
கண்ணாடித் தூசி மேல் விரல் கோடுகள்,
மணிக்கு ஒன்றாக.

நான் கிளேர்வுட்டில், திரைக்கு முன்னால்.
சரோஷினி, வண்டி ஒதுக்குகிறவள்.
என் தொழிலில் பாவம் ஒன்றுதான்:
ஜோகன்னஸ்பர்க்கில் இறக்கிவிட்டு
டர்பன் வரைக்கும் காற்றை ஏற்றி வருவது.
காற்றுக்கும் டீசல் உண்டு,
சுங்கம் உண்டு,
வான் ரீனன் இறக்கத்தில்
பிரேக் தேய்மானம் உண்டு.
கூலிதான் கிடையாது.

நேற்று ஹாரிஸ்மித்தில்
ஒரு மாவு ஆலைக்காரரைப் பிடித்தேன்.
இருபத்தாறு டன் சோள மாவு, டர்பனுக்கு.
"ரயிலில் அனுப்பினால் மலிவாச்சே?" என்றேன்,
என் வயிற்றில் நானே அடித்துக்கொண்டு.
அவர் சிரித்தார்.
"செம்புக் கம்பியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.
தண்டவாளத்தில் இப்போது ஆடு மேய்கிறது."

இரவு இரண்டு மணிக்கு மூயி ரிவரிலிருந்து பெக்கி:
"சிஸ்டர், இன்றைக்கு வண்டி குதிக்கவில்லை.
பிளாஸ்க் தேநீர்
ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை."

பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே
'காலி'யை அழித்தேன்.
கீழே இன்னும் ஏழு.