தாழியின் வாய்

செப்டம்பர். காக்கசஸ் மலையடியில்
திராட்சை கறுத்துவிட்டது.
மடத்து மண்ணுக்குள் கழுத்துவரை புதைந்த
பதினோரு தாழிகளையும்
அறுவடைக்கு முன் கழுவியாக வேண்டும்.

உள்ளே இறங்க ஓர் ஆள் போதும்,
ஒல்லியான ஆள்.
நான்கு வருடமாக நானே கை தூக்குகிறேன்,
யாரும் கேட்பதற்கு முன்பே.
கேட்டபின் தூக்கினால் அது வெறும் கீழ்ப்படிதல்.

பந்தியில் கடைசி இடம் என்னுடையது.
கைப்பிடி உடைந்த கோப்பை என்னுடையது.
ஈஸ்டருக்கு வந்த காலணிகளில்
கடிக்கிற ஜோடியைத் தேடி எடுத்தேன்,
பொருந்தியதை அடியில் தள்ளிவிட்டு.

இந்த ஆண்டு வந்தான் தரியேல்,
ருஸ்தாவியில் மினிபஸ் ஓட்டியவன்.
முதல் நாளே, ஒன்றும் தெரியாமல்,
என் கடைசி இடத்தில் உட்கார்ந்தான்.
பீன்ஸ் சூப் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.
"மேலே வந்து உட்காரேன் தம்பி" என்றேன், கனிவாக.
"இங்கேயே இருக்கேன். கதவுப் பக்கம், காத்து வருது."
அவ்வளவுதான். காற்று.
ஓர் இடத்தில் உட்கார அப்படியும் ஒரு காரணம் உண்டென்று
எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

ஏழாம் தாழி. ஏணி வைத்து இறங்கினேன்.
செர்ரிப் பட்டைத் துடைப்பம், வாளி, விளக்கு.
தேய்க்கத் தேய்க்கப் போன வருடத்துப் புளிப்பு
களிமண்ணிலிருந்து எழுந்தது.
குடத்திலிட்ட விளக்கு என்பார்களே,
அது நினைவுக்கு வந்தது.
நான் நினைத்தது விளக்கை அல்ல.

ஆண்டவரே, ஒன்றுமில்லாதவன் நான்
என்று ஜெபித்தேன்.
தாழி வட்டமானது. மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டுக்
கடைசிச் சொல்லை மட்டும் திருப்பித் தந்தது:
நான்.
நான்.
கோயிலில் என் குரல் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை.
இன்னொரு முறை சொன்னேன்.

தாழிக்குள் கெட்ட காற்று தங்கும்.
அதனால் மேலே ஒருவன் நின்று
"இருக்கிறாயா" என்று கேட்டபடி இருக்க வேண்டும்,
கீழே இருப்பவன் "இருக்கிறேன்" என்றபடி.
இந்த மடத்தின் மிகப் பழைய வழிபாடு இதுதான் என்பார்
சமையல்கார ஷியோ.

"சகோதரரே, இருக்கீங்களா?"

ஜெபத்தில் ஆழ்ந்தவனுக்கு வெளியே எதுவும் கேட்காது.
ஆகவே எனக்குக் கேட்கவில்லை.
எல்லாம் கேட்டது:
கேள்வி கத்தலானது, கல்லில் முழங்கால் உரசியது,
பிறகு என் பெயர்.
துறவுப் பெயர் அல்ல, அம்மா இட்டது,
யாரிடம் கேட்டுவைத்திருந்தானோ.
அகன்ற தோள் தாழியின் வாயில் சிக்கிக்கொள்ள
ஒரு கை மட்டும் தலைகீழாக
என்னைத் துழாவியது.

கண் திறந்தேன், வெகுதொலைவிலிருந்து திரும்புகிறவனாக.
"ஜெபத்தில் இருந்தேன்."
அவன் அழுதான். என் கையை முத்தமிட்டான்.
கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

இரவு அருட்தந்தை ஒக்ரோபிரிடம் எல்லாம் சொன்னேன்.
நன்றாக அழுதேன். நன்றாக அழுகிறேன் என்று கவனித்தேன்,
அதையும் சொன்னேன்,
அதையும் சொல்லிவிட்ட என் நேர்மையை
அவர் பார்த்தாரா என்று பார்த்தேன்.
அவர் கொட்டாவியை மறைக்கவில்லை.
"ஏழாம் தாழி கழுவியாச்சா?"

இல்லை.
அடியில் ஒரு கையகலம் வண்டல், அப்படியே.

காலையில் மறுபடி இறங்கினேன்.
தரியேல் பயந்துபோயிருந்தான்,
மூச்சுக்கு மூச்சு கேட்டான்.
ஒரு வரி ஜெபம் முடிவதற்குள் "இருக்கீங்களா".
இருக்கிறேன்.
இடையிடையே தன் பழைய பஸ் நிறுத்தங்களை
வரிசையாகக் கத்தினான், நான் தூங்கிவிடாமல் இருக்க:
பஜார், சிமெண்ட் ஆலை, இரண்டாம் பாலம்.
இருக்கிறேன்.
எரிச்சலாக இருந்தது. வண்டல் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

கடைசியாக அலசிய தண்ணீரைக்
குடிக்க முடிந்தால்தான் தாழி சுத்தம் என்று வழக்கம்.
வாளியை மேலே அனுப்பினேன்.
ஒரு மிடறு குடித்து முகம் சுளித்தான்.
"இன்னும் புளிக்குது, சகோதரரே."

துடைப்பத்தைத் தேடினேன். காலுக்கடியில் கிடந்தது.