கொஞ்சம் இறக்கி ஒட்டுங்க

பவானிக் கோர்ட்டு முத்திரை காயாத தாளும்
ஒரு டப்பா பசையுமாக
அந்தியூரில் பர்கூர் பஸ் ஏறினேன்.
திங்கட்கிழமை. சந்தைக் கூட்டம்.
என் மடியில் வெற்றிலைக் கூடை ஒன்றை வைத்துவிட்டு
யாரோ பின்னால் போய்விட்டார்கள்.

"பொங்கியண்ணன் ஊட்டுக்குங்களா?" என்றார் கண்டக்டர்.
"ஏழடி ஆளுங்க.
ரவை பட்டா நெல்லிக்காயாட்டம் உதுந்துருமாமா.
வட்டிக்காரன் பத்திரத்தையெல்லாம் கொளுத்தி
அந்த நெருப்புல காப்பி வெச்சுக் குடிச்சவரு."

கூடைக்கு அடியில் என் கட்டு இருந்தது.
குருசாமி மகன் பொங்கியண்ணன், வயது முப்பத்தொன்று,
மாநிறம், இடது காதோரம் வெட்டுத் தழும்பு,
உயரம் ஐந்தடி இரண்டங்குலம்.
பதினாலு கிலோ சந்தனக்கட்டை,
ஃபாரஸ்ட் கார்டு கைக்கடிகாரம் ஒன்று.
கிட்டத்தட்ட இரண்டடியைக் குறைத்துச் சொல்ல
மனசு வரவில்லை.
சில்லறையை வாங்கிக்கொண்டேன்.

தாமரைக்கரையில் இறங்கி, காட்டுத் தடத்தில் நடை.
தப்பட்டைக்கு வந்த ரங்கான்
சருகைக் கூட்டித் தோலைக் காய்ச்சினான்.
மூன்று அடி. நான் படித்தேன்.
அதாகப்பட்டது, மேற்படி ஆசாமி
முப்பது நாளைக்குள் இந்தக் கோர்ட்டார் முன்
ஆஜராக வேண்டியது, தவறினால்
அசையும் சொத்து அசையாச் சொத்து...
கேட்டது இரண்டு வெள்ளாடு, ஒரு செம்மறைக் கன்று,
மூக்கொழுகும் பிள்ளைகள் நாலைந்து.
சாத்திய கதவுகளுக்குப் பின்னால்
ஊரே கேட்டுக்கொண்டிருந்தது.

பசை டப்பாவுக்குள் கல்லாகிக் கிடந்தது.
அவன் பெண்டாட்டி பாவாயி
ஒன்றும் கேட்காமல் அடுப்பை மூட்டினாள்.
ராகி மாவைக் கரைத்துக் காய்ச்சி
ஓட்டைச் சட்டியில் கொண்டுவந்து வைத்தாள்.
"ராத்திரிக்கு வெச்சிருந்ததுங்க. மிச்சம் வெய்யுங்க."

கதவில் என் கைக்கு எட்டிய உயரத்தில் வைத்தேன்.
"கொஞ்சம் இறக்கி ஒட்டுங்க" என்றாள்.
"எழுத்துக் கூட்டித்தான் படிப்பாரு.
எக்கிக்கிட்டே நின்னா காலு கடுக்குமுங்க."

இறக்கி ஒட்டினேன்.
இன்னின்ன கதவில், இத்தனை மணிக்கு, சாட்சிகள் முன்னிலையில்.
சாட்சி யாரும் வரவில்லை.
ரங்கானே கைநாட்டு வைத்தான்.

திரும்பும் வழியில் அவன்தான் சொன்னான்.
போன மாசம் ஒரு சீருக்கு
அவள் வைத்த ஐந்து ரூபாய் மொய்யை
மறுநாளே பையன் கையில் திருப்பிவிட்டார்களாம்.
நோட்டில் பேரை அடிக்கக்கூட இல்லையாம்,
எழுதவே இல்லை.
குழாயடியில் அவள் குடத்துக்குப் பின்னால்
யாரும் குடம் வைப்பதில்லையாம்.
அதற்கெல்லாம் தப்பட்டை அடிக்க
என்னைக் கூப்பிடவில்லை சாமி, என்று சிரித்தான்.

முப்பத்தோராம் நாள் ஜப்திக்குப் போனேன்.
வெங்கலச் சொம்பு ஒன்று, கோணக் கொம்பு ஆடு ஒன்று,
கயிற்றுக் கட்டில், சொல்லப்போனால் கயிறு மட்டும்.
எழுதிக்கொண்டே கதவைப் பார்த்தேன்.
தாள் அப்படியே இருந்தது.
ஒவ்வொரு வரிக்கும் கீழே
விரல் ஓடிய அழுக்கு.
உயரத்துக்கு வந்த இடத்தில்
'இரண்டு' என்பதை அடுப்புக்கரியால் அடித்து
மேலே, கோணல்மாணலாக, கொம்பு தப்பி,
'நாலு' என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

நான் பாவாயியைப் பார்த்தேன்.
அவள் ஆட்டைப் பார்த்தாள்.
ஆடு கயிற்றைத் தின்றுகொண்டிருந்தது.

நோட்டீஸ் கிழியாமல் உள்ளது
என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
இருபத்தெட்டு வருஷ சர்வீஸில்
நான் மறைத்த அங்குலம் அந்த இரண்டுதான்.

அப்புறம் அவன் என்ன ஆனான் என்பதற்கு
மலைமேல் ஒரு கதை, கீழே இரண்டு.
கட்டு நிலுவைப் பெட்டிக்குப் போய்
கரையான் கொண்டது.

போன ஆடியில், பண்டிகைக் கூட்டத்தில்,
குதிரைகள் நிற்கும் பக்கம் நாடகக் கொட்டகை.
பொங்கியண்ணன் வந்தான்.
குதிகால் உசந்த பூட்ஸ், பஞ்சு மீசை,
விளக்குக் கம்பத்தில் தலை இடிக்கும் உயரம்.
வட்டிக்காரன் காலில் விழுந்தான்.
விசில். பத்து ரூபாய் நோட்டு மாலை.
குத்தினவர்கள் பேரை மைக்கில் படித்தார்கள்.
அதில் ஒரு பேர்
அந்த மொய் நோட்டுக்காரருடையது.

நாலு வரிசை தள்ளி, தரையில், நரைத்த தலை ஒன்று.
பாவாயியேதான்.
முன்னால் இருந்தவனின் தோளைத் தட்டி,
"தம்பி, தலையக் கொஞ்சம் எறக்கு சாமி,
மறைக்குது" என்றாள்.