பேசவும்

கோப்பின் ஓரத்தில், பச்சை மையில்,
ஒரே சொல்:
பேசவும்.

தக்கலை, வட்ட வழங்கல் பிரிவு.
ஓட்டிலிருந்து மழை சொட்டும் இடத்தில்
யாரோ விட்டுப்போன ரப்பர்பால் வாளி.
அதற்கு அடுத்தது என் மேசை.
இருபத்தோரு வருடமாக
அந்தச் சொல்லுக்கு எழுந்து போகிறேன்.
எழுதக்கூடாததைச் சொல்லத்தான்
கூப்பிடுவார்கள்.

இந்தக் கோப்பு மெலிந்தது, ஏழே தாள்.
மரிய டெல்பின், வயது நாற்பத்து நான்கு, கொடிமுனை.
குடும்ப அட்டை ரத்து.
காரணம் என்ற கட்டத்தில்:
பூட்டிய வீடு.
தணிக்கை திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்று.

அந்த நேரம் அவள்
திங்கள் சந்தையில், புளிமூட்டு நிழலில்
அயிலைக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.
சாளை என்றால் பத்துக்கே விற்றிருக்கும்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
"ஆளில்லாத வீடுண்ணு எழுதியிருக்கியளே,
பூட்டினது ஆரு சாரே?"

நான் சட்டம் படித்தவனில்லை.
துறைத் தேர்வுக்கு உருப்போட்ட வரிகள் கொஞ்சம் உண்டு.
எதிர்த்தரப்பைக் கேளாமல் தீர்க்காதே.
தன் வழக்குக்குத் தானே நீதிபதி ஆகாதே.
ஆணை பேச வேண்டும்,
ஏன் என்று.
நாற்பத்தெட்டு மதிப்பெண். தேறினேன், மறந்தேன்.
பூட்டினது ஆரு
என்பது எந்தத் தாளிலும் வரவில்லை.

பக்கங்களைத் திருப்பினேன்.
விளக்கம் கேட்கும் அறிவிப்பு: பதினேழாம் தேதி.
ரத்து ஆணை: பதினான்காம் தேதி.
வெட்டிவிட்டு, என்ன சொல்கிறாய் என்று
கேட்டிருக்கிறார்கள்.
கேட்டிருக்கிறார்கள் என்றுதான் மனசு சொல்கிறது.
அறிவிப்பைத் தட்டச்சு செய்தது நான்.

அதிகாரி நல்ல மனிதர்தான்.
நாகர்கோவிலில் மகளுக்கு மண்டபம் கிடைக்கவில்லை,
அந்தப் போனை வைத்துவிட்டுச் சொன்னார்:
"மாசம் நூற்றிருபது அட்டை குறைக்கணும்.
மேலே எண்ணிக்கைதான் கேட்கிறாங்க.
அந்தம்மா வேணும்னா புதுசா மனு போடட்டும்.
நீர் தேதியை மட்டும் சரிபண்ணிரும்."

பேனா மூடியபடியே இருந்தது.

திரும்பி வந்து
குறிப்புத்தாளில், பத்தி ஒன்பதுக்குக் கீழே:
"பேசப்பட்டது.
அறிவிப்பின் தேதியை மாற்றுமாறு
வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது.
மாற்றப்படவில்லை.
ஆணையை விலக்கி, மனுதாரரை நேரில் கேட்டு,
காரணங்களுடன் மறு ஆணை பிறப்பிக்கலாம்."

செயப்பாட்டுவினை எங்கள் அலுவலகத்துக் குடை.
அதற்குள் நின்றுதான் எழுதினேன்.
அவ்வளவுதான் வீரம்.

பதினோரு நாள் கோப்பு வரவில்லை.
"அடுத்தது உமக்கு ஆறுகாணிதான்"
என்றார் சுயம்புலிங்கம், டீயை ஆற்றிக்கொண்டே.
அந்த மலையில் பேருந்து எத்தனை மணிக்கு
என்று யோசித்துப் பார்த்தேன்.
வாளி இரண்டு முறை நிரம்பியது.

பன்னிரண்டாம் நாள் வந்தது.
சொல் ஏதும் இல்லை, கையெழுத்து மட்டும்.
நேர்விசாரணைக்கு வரைவு அறிவிப்பு
புதுப்பையன் ஜெபின் போட்டு வைத்திருந்தான்,
எழுத்துப் பிழையே இல்லாமல்:
திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்று.

அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.
திங்களை அடித்தேன்.
மேலே செவ்வாய் என்று எழுதினேன்.
அடித்த இடத்தில் சுருக்கொப்பம் வேண்டும், விதி.
நீல மையில் இரண்டு எழுத்து போட்டேன்,
கொஞ்சம் பெரிதாகவே.

திருத்தினது ஆரு என்று
நாளை எவரும் கேட்கலாம்.