ஏழாம் கம்பம்

மீராலெவ்வை காக்கா சபைக்கு எழுதிய கடிதத்தில்
வெளிச்சம் என்ற சொல் நாலு தரம் வருகிறது,
நாலு தரமும் களவு என்கிற மாதிரி.

சம்மாந்துறை வட்டையோரம்
ஏழாம் கம்பத்தில் அந்த எல்ஈடியைப் பூட்டியவன் நான்.
கேட்டவர்கள் கார்மென்ட்ஸ் பஸ்ஸில்
இரவு எட்டே முக்காலுக்கு இறங்கும் பிள்ளைகள்.
அறுபத்து மூன்று கையெழுத்து.
ஒன்று என் பெண்சாதியுடையது.

போய்ப் பார்த்தேன்.
வட்டை முழுக்க வேளாண்மை கதிர் பறிந்து
தலை சாயத் தொடங்கியிருந்தது.
கம்பத்தின் கீழ் மட்டும் அரைவட்டமாக,
கவராயம் வைத்துக் கீறினது போல,
பச்சை.
இடுப்புக்கு மேல் உயரம்.
பார்க்க ஆசையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.
"ஓம், மாட்டுக்கும் ஆசைதான்" என்றார் காக்கா.

மல்வத்தையிலிருந்து வந்த போதனாசிரியை கோகிலவாணி
சப்பாத்தைக் கழற்றி வரம்பில் வைத்து இறங்கினா.
வட்டத்தின் விளிம்பில் ஒரு பயிர்,
விளக்கின் நேர் கீழே ஒரு பயிர்.
பிடுங்கி, சவர பிளேட்டால்
தண்டை நெடுக்காகப் பிளந்தா.

விளிம்புத் தண்டுக்குள், கடைசிக் கணுவுக்கு மேல்
வெள்ளைப் பஞ்சுத் துணுக்கு. ஒரு மில்லிமீற்றர்.
அதுதான் கதிராம்.
மற்றதில் அந்த இடத்தில்
இலை. இலைக்குள் இலை.
அதற்குள்ளும் சுருண்டு கிடக்கிற இலை.

"பயிர் பகலை எண்ணுறதில்லை" என்றா.
"இரவைத்தான் எண்ணுது. இவ்வளவு நீட்டு இருட்டு
வெட்டுப்படாமல் வந்தால்
இலையிலிருந்து உச்சிக்குச் சேதி போகும்.
அதுக்குப் பிறகு உச்சி இலை போடாது.
திரும்பி வரவும் மாட்டாது."

நான் வயர் வேலைக்காரன்.
சுவிட்ச் என்றால் போடவும் அணைக்கவும் என்று பழகினவன்.
ஒரேயொரு தரம் மட்டும் திரும்புகிற சுவிட்ச்
எங்கள் ஸ்டோரில் இல்லை.

புது நெல்லுக்கு இந்த வில்லங்கம் குறைவாம்.
காக்கா விதைத்தது ஆறு மாதத்துப் பழஞ்சிவப்பு,
கொழும்பில் சீனி வருத்தக்காரர்
நல்ல விலை கொடுக்கிறார்கள் என்று.
மார்கழி இருட்டுக்குக் காத்திருக்கும் சாதி அது.
அந்த இருட்டுக்குள்தான்
எண்பது வாட்ஸ் ஆணி அடித்திருக்கிறேன்.

பதினொரு வருசமாக நானும் தற்காலிகம்.
வருசம் ஒரு கடிதம் வரும், இலைக்குள் இலை.
இதை அங்கே சொல்லவில்லை.
கோகிலவாணி சிரித்திருப்பா.
காக்கா சிரித்திருக்க மாட்டார்.

விளக்கை அணைத்து விடலாமா?
போன வருசம் அந்த வளைவில்
றிஸ்மியாவின் பையைப் பறித்த மோட்டார் சைக்கிளுக்கு
இருட்டு எவ்வளவு உதவியதென்று
பயிருக்குத் தெரியாது.

மாஜரின் தகரத்தை வெட்டி மடித்தேன்,
வயல் பக்கம் மறைய, தெருப் பக்கம் திறக்க.
அன்றிரவு ஏணியில் நின்று பார்த்தேன்.
வரம்போடு வெளிச்சம் நின்றுவிட்டது.
அப்பால் இருட்டு, மலையடி வரைக்கும் ஒரே துண்டாக.
கீழே பஸ் வந்தது. பிள்ளைகள் இறங்கி
தகரத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள்.

மாசி கடைசி. மெஷின் வந்து
வட்டையை வெட்டிக்கொண்டு போய்விட்டது.
அரைவட்டம் மட்டும் நின்றது, பூத்துக்கொண்டு.
பூ என்று பெரிதாக ஒன்றுமில்லை:
காலை பத்து மணிக்கு உமி பிளந்து
ஆறு மஞ்சள் நூல்கள் தொங்கும்,
பதினொன்றுக்குள் மூடிவிடும்.
நான் பார்த்தது தற்செயல்.
ஒன்பதாம் கம்பத்தில் பியூஸ் போயிருந்தது.

பால் பிடித்ததும் வந்தன குருவிகள்.
ஊரில் வேறெங்கும் மணியில்லை,
அத்தனையும் அந்த அரைவட்டத்தில்.
காக்கா துரத்தவில்லை.
சபைக்கு இரண்டாம் கடிதம் போட்டிருக்கிறார்:
அடுத்த போகத்துக்கு முன்
எட்டாம் கம்பத்துக்கும் ஒரு தகரம்.