பத்துக்கு எட்டு

பாபுராவ் தெரு லாட்ஜில்
அறை எண் இருநூற்றேழு. பத்துக்கு எட்டு.
இரண்டு கட்டில், ஒரு ஸ்டூல், ஒரு கரண்ட் அடுப்பு,
சுவரில் ஆணி, ஆணியில் தொங்கும் ஸ்கேன் கவர்.
"போன்லயே சுத்திப் பாக்குற மாதிரி வேணும்.
கொஞ்சம் பெருசாத் தெரிஞ்சா நல்லது" என்றார்
ஓனர் ஜம்புலிங்கம்.
கொஞ்சத்துக்கு இரண்டு கையையும் அகல விரித்தார்.

ஆபீசர்ஸ் லைனில் எப்சிபாவின் வாடகைக் கடை.
பதினாலு எம்எம் ஒன்று, எட்டு எம்எம் ஒன்று
துணி விரித்து எடுத்து வைத்தாள்.
"பதினாலுல கோடு கோடாவே நிக்கும்.
ஆனா சுத்தி ஆறு, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு.
ஃபிஷ்ஐல நாலு கிளிக், சோலி முடிஞ்சுது.
கதவு வில்லா வளையும், ஓரம் மழுங்கும், பரவால்லியா?"
இரண்டுக்கும் ஒரே வாடகை.
அதுதான் சிக்கல்.

வாசலுக்கு வந்து மாட்டிப் பார்த்தேன்.
பதினாலில், கோட்டை அகழி பாலாறாய் அகன்றது
தண்ணீரோடு.
எட்டில், மதில் வளையலாய்ச் சுருண்டது
நடுவானம் முழுசாய் உள்ளே விழுந்தது
அடியில் என் செருப்பும்.
கயல்விழி கயல்விழி என்று பாடித் தீர்த்த மொழியில்
இமையில்லாத இந்தக் கண்ணுக்கு
இன்னும் ஃபிஷ்ஐ என்றுதான் பெயர்.

பெரிதாய்க் கேட்டார் அல்லவா,
பதினாலை எடுத்துப் போனேன்.

அறையில் ஆள் இருந்தார்.
மால்டாவிலிருந்து வந்த ஹரிபத மண்டல்.
மனைவி வார்டில்.
வெளியே இருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை,
வெளியே என்பது படிக்கட்டு,
அங்கே யாரோ மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

கட்டைவிரலை நீட்டி
ஒரு கண்ணால் பாருங்கள், பிறகு மறு கண்ணால்.
விரல் தாவும்.
கேமராவும் அப்படித்தான்,
ஒளி நுழையும் புள்ளியில் வைத்துத் திருப்பாவிட்டால்.
சின்ன அறை மன்னிக்காது.
அந்தப் புள்ளிக்காக முன்னே ஒரு மில்லி, பின்னே ஒரு மில்லி
அரைமணி நேரம் நகர்த்தினேன்,
ஜன்னல் கம்பியும் எதிரே ஆஸ்பத்திரி மாடியும்
ஒட்டியபடியே சுற்றும்வரை.

முதல் படத்தில் கட்டில் விளிம்பில் இருந்தார்.
மூன்றாவதில் அவர் போன் அடித்தது.
ஐந்தாவதில் கம்பியைப் பிடித்து நின்றார்.
அந்த வங்காளத்தில் எனக்குப் புரிந்தது
ரிப்போர்ட் என்ற ஒரு சொல்.

ராத்திரி சத்துவாச்சாரியில்
படங்களைத் தைத்தேன்.
ஒரே அறையில் இரண்டு ஹரிபத மண்டல்.
தெரியாமல் இருந்தவர்,
தெரிந்துகொண்டவர்.
இடையில் தையல்.

"ரெண்டு பேரையும் எடுத்துடு" என்றார் ஜம்புலிங்கம்,
"காலி ரூம்தானே கேட்டேன்."
சிவப்பு பூசினால் மறைவார்கள். பூசினேன்.
கட்டில் வயலாய் நீண்டது.
ஒரு குடும்பமே வட்டமாய் உட்கார்ந்து சாப்பிடலாம்.
தன்பாத்தில் யாரோ இதைப் பார்த்துப் பணம் கட்டி
காட்பாடியில் இறங்கி
சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து
இங்கே எந்தப் பக்கம் திருப்புவார்கள்?

காலையில் எப்சிபாவிடம் மாற்றிக்கொண்டேன்.
ஏன் என்று கேட்கவில்லை,
முன்பணத்தில் ஐம்பது பிடித்தாள்.

இருநூற்றேழு திறந்து கிடந்தது.
ஆணி இருந்தது. கவர் இல்லை.
பக்கெட்டில் பாதித் தண்ணீர்.
நாலு கிளிக். சுவர் நாலும் உள்நோக்கிக் குனிந்தன,
ஃபேன் தலைக்கு மேலேயே நின்றது,
கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே
எத்தனை இடம் என்று
இப்போது மறைக்க முடியாது.

நிமிர்த்தாமல் அப்படியே அனுப்பினேன்.
ஜம்புலிங்கம் இன்னும் பேசவில்லை.
அடியில் என் செருப்பு விழுந்திருக்கிறது,
ஒன்பதாம் நம்பர்.
அழிக்கவில்லை.
அளந்து பார்க்கிறவர்களுக்கு ஆகும்.