தகப்பன் கட்டம்

முப்பத்தொரு வருடக் கணக்கு இந்தப் பேரேட்டில்.
தாய், தகப்பன், பிறந்த தேதி, எடை,
பாதத்தின் இறுக்கம், பசி.
கடைசிக் கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.
தின்னாத நாய் ஓடாது.

ஒவ்வோர் ஈற்றுக்கும் ஒரு வகைப் பெயர்.
ஆறுகள் ஒரு வருடம், ஆணி வகைகள் ஒரு வருடம்.
வங்கி கடன் தர மறுத்த குளிர்காலத்தில்
ஐந்து குட்டிகளுக்கும்
கிளை அலுவலர்களின் பெயர்களை வைத்தேன்.
மேலாளர் மோசமில்லை,
இறக்கத்தில் மட்டும் உழைப்பார்.

அடுத்தது சமையலறை.
தபால்காரர் எய்விண்டின் நாய்,
ஒரு காது மடிந்தது, எந்தச் சங்கத்திலும் பதிவாகாதது,
இரண்டு மீட்டர் வேலியை எப்படித் தாண்டியதோ.
நான் மூன்று மாவட்டம் அலைந்து நிச்சயித்த மாப்பிள்ளை
லாரியில் வந்துகொண்டிருந்தான்.
அவன் இறங்குவதற்குள் காரியம் முடிந்திருந்தது.
சல்லடை, மூடி, அகப்பை, முள்கரண்டி.
தகப்பன் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.
கோபம்தான், வேறென்ன.

ஹால்வார் அந்த ஏப்ரலில் கேட்டான்
உன் தலைமுடியில் என்ன வாசனை என்று.
மைனஸ் முப்பத்தாறில், விடியுமுன்,
உறைந்த சால்மனைக் கோடரியால் பிளந்து
நாற்பத்திரண்டு வாய்க்குக் கஞ்சி கலக்கியவளிடம்.
மீன் என்றேன்.
இப்போது ட்ரோம்சோவில் பல் வைத்தியம் பார்க்கிறான்.
சுத்தமான வேலை.

பந்தயக் கோட்டில் பதினான்கு நாய்களும்
தொண்டை கிழியக் குரைக்கும்,
கயிற்றைக் கடிக்கும், ஒன்றன்மேல் ஒன்று துள்ளும்.
கொக்கியைப் பனியிலிருந்து பிடுங்கிய நொடி
எல்லாச் சத்தமும் அறுந்துவிடும்.
பிறகு சறுக்குக்கட்டையின் கீழ் பனி அரைபடுவது மட்டும்.
ஐம்பத்தாறு பாதங்கள், ஐம்பத்தாறு துணிக் காலுறைகள்.
இதற்காகத்தான்.
பரிசு என்று நினைப்பவர்கள்
என் கடன் பத்திரங்களைப் பார்த்ததில்லை.

மூன்றாம் இரவு. இரண்டாம் இடத்தில் இருந்தேன்.
முன்னணியில் முள்கரண்டி.
ஆற்றின் நடுவே போய்ப் படுத்துக்கொண்டாள்.
எழு என்றேன். போ என்றேன்.
காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு
வேறு யாரோ கூப்பிடுவதுபோல் கிடந்தாள்.
பின்னால் ஒரு தலைவிளக்கு
வளைவுக்கு வளைவு பெரிதாகிக்கொண்டே வந்தது.
அப்போது அவளிடம் நான் சொன்ன வார்த்தைகளை
இங்கே எழுத முடியாது.
அதில் ஒன்று அவள் தகப்பனைப் பற்றியது.

இறங்கி முன்னால் நடந்தேன்.
அவள் மூக்குக்கு நான்கடி தள்ளி
கோலை ஊன்றினேன்.
நிற்கவில்லை.
முழங்கைவரை போனது,
வெளியே எடுத்தபோது நுனியில் கறுப்பாய்த் தண்ணீர்.
அது கோலிலேயே உறைவதைப்
பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினான்கையும் ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.
விளக்கை ஆட்டிப் பின்னால் வந்த பையனை நிறுத்தினேன்.
மாத்திஸ், காரஷோக் பக்கம்.
கரையோரம் இருவரும் சுற்றிப் போனோம்.
அவன் நாய்கள் இளையவை, மூன்றாவதாக வந்தான்.
நான் பதினொன்று.
இரண்டு மூட்டைத் தீவனம், ஒரு ஃபிளாஸ்க்.
ஃபிளாஸ்கின் மூடி அன்றே தொலைந்தது.

அதன்பிறகு போன் ஓயவில்லை.
பனிமேட்டில் மாத்திஸ் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான்.
அவள் குட்டி வேண்டும், அவள் தங்கை குட்டி வேண்டும்,
தகப்பன் வழி என்ன?

கிர்கெனெஸ் தபால் நிலையத்துக்கு ஓட்டிப்போனேன்.
பார்சல் அடுக்கிக்கொண்டிருந்தார் எய்விண்ட்.
உங்கள் நாய்க்கு என்ன பெயர் என்றேன்.
அதுவா, போன மாதம்
பனி வாரும் வண்டியில் அடிபட்டுப் போயிற்றே என்றார்.
கொஞ்ச நேரம் முத்திரையைக் குத்தவில்லை.
பெயரெல்லாம் ஏது.
ஏய் என்பேன், வந்துவிடும்.

வீட்டுக்கு வந்து கையுறையைக் கழற்றினேன்.
மை உறைந்திருந்தது, அக்குளில் வைத்துச் சூடாக்கி
காலிக் கட்டத்தில் எழுதினேன்:
ஏய்.

ஆஸ்லோவிலிருந்து வருகிறவர்கள்
விரல் வைத்து அந்த இடத்தில் நிற்கிறார்கள்.
இது எந்த வம்சம்?
வேலி தாண்டும் வம்சம் என்கிறேன்.
குறித்துக்கொள்கிறார்கள்.